கன்னி மூலையில் விழுந்த நிழல்

மாலை மணி நாலு இருபது. முதலில் என் கண்ணில் பட்டது இரண்டு பனைமரங்களின் நிழல். மரங்களைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். கரி மையால் வரைந்த அந்த நிலக்காட்சியில் இரண்டு நிழல்களும் மரத்தடியிலிருந்து கிளம்பி, வெறும் வயலைக் கடந்து, நேரே என்னை நோக்கி நீண்டு வந்தன. அன்று என் குறிப்பு நோட்டில் எழுதியது இப்போதும் இருக்கிறது. "4.20. படம் இரண்டு முழ அகலம், ஒரு முழ உயரம். துணி ஒட்டிய காகிதம். தூரத்தில் மலை, அதன் முன் குட்டைக்கரை, இரட்டைப் பனை. ஆள் இல்லை, மாடு இல்லை, வீடு இல்லை. நிழல்கள் பார்ப்பவரை நோக்கி."

அந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டிருந்தால், மறுநாள் காலையில் பார்த்ததை என் கண்ணின் கோளாறு என்று நானே தள்ளியிருப்பேன்.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஐம்பதுகளில் கோயமுத்தூரில் ஒரு தினசரியில் நிருபராக இருந்தேன். முனி அடித்தது, வீட்டின் மேல் கல் விழுந்தது என்று எங்கிருந்து சேதி வந்தாலும் ஆசிரியர் என்னைத்தான் அனுப்புவார். நான் போய்ப் பார்த்துவிட்டு, ஓட்டுக்கு மேல் குரங்கு, கல் எறிந்தவர் பங்காளி என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். இன்றைக்கும் பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நீங்களும் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம், தடையில்லை. பார்த்ததைப் பார்த்த வரிசையில் மட்டும் சொல்கிறேன்.

எங்களை அங்கே வரவழைத்தது ஒரு தபால் கார்டு. கிணத்துக்கடவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரங்கநாயகி என்ற பெண் எழுதியிருந்தார். "எங்கள் வீட்டில் பாளையக்காரர் காலத்துச் சித்திரம் ஒன்று இருக்கிறது. அதைப் பேப்பரில் போட்டால், பார்க்கத் தெரிந்தவர் யாராவது எங்கள் பழைய கிணறு எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடும். சீக்கிரம் வரவும். கிணறு வெட்டுகிற ஆட்கள் வெள்ளிக்கிழமை காலையில் போய்விடுவார்கள்." கார்டு கைக்கு வந்தது வியாழக்கிழமை. கணபதிப் பகுதியில் இருந்த என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, எப்போதும்போல் குடையை எடுத்து இடது கக்கத்தில் செருகிக்கொண்டு, போட்டோக்காரர் டேனியலோடு பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் எங்களை எதிர்கொண்டவர் ரங்கநாயகியின் கொழுந்தனார் கோவிந்தசாமி. என் குடையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, மழை பேஞ்சு ரெண்டு வருசமாச்சு. இந்தக் கொடையைப் பாத்துப்போட்டு மேகம் பயந்து ஓடியே போயிருமுங்க."

உள்ளேயிருந்து வந்த ரங்கநாயகிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து நான்கு வருஷம். நேரே என்னை நடு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். அப்போதுதான் மணி நாலு இருபது.

அவர் சொன்ன கதை இது. அவர் கணவரின் முன்னோர் ஒருவர் பாளையக்காரர் அரண்மனையில் சித்திரக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவருக்கு மானியமாகக் கிடைத்ததுதான் இந்த நிலம். கம்பெனிப் படையும் மைசூர்ப் படையும் மாறி மாறி இந்தப் பாதையில் போன காலம் அது. படை ஒன்று கிட்டே வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் கிணறுகளைப் பலகைக் கல் போட்டு மூடி, மேலே மண் கொட்டி ஏர் ஓட்டிவிட்டு மலைப் பக்கம் போய்விட்டார்கள். குதிரைக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் படை அங்கே தங்காது என்பது கணக்கு. கிளம்புகிற காலையில் சித்திரக்காரர் மட்டும் உட்கார்ந்து இந்தக் காட்சியை வரைந்தார். திரும்பி வரும்போது அடையாளம் வேண்டுமே என்றுதான். ஆனால் படம் எதிரி கையில் சிக்கினால் என்ன ஆகும்? அதனால் எல்லாவற்றையும் வரைந்தவர் கிணற்றை மட்டும் வரையவில்லை. மூங்கில் குழலில் போட்ட படம் வீடு வந்து சேர்ந்தது. அவர் வரவில்லை.

"ஈசானிய மூலையில ரெண்டு தடவை வெட்டியாச்சுங்க தம்பி. ரெண்டு தடவையும் பாறை" என்றார் ரங்கநாயகி. வடகிழக்கு மூலையில் கிணறு இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் வேறெங்கும் தேட யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் நின்றே பார்த்தேன். தென்னை மரங்களில் மட்டைகள் மடங்கித் தொங்கின, குரும்பை உதிர்ந்து கிடந்தது. நாளைக் காலை கிணறு வெட்டும் மேஸ்திரி பழனி தன் ஆட்களோடு சத்தியமங்கலம் பக்கம் ஒரு வேலைக்குப் போகிறார். அதற்குள் இடம் தெரியவில்லை என்றால் நிலத்தை ஒரு மில்காரருக்குக் குடோன் கட்டக் கொடுத்துவிடுவதாகக் கோவிந்தசாமி வாக்குக் கொடுத்திருந்தார். ரங்கநாயகி தன் தம்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"தம்பி பொண்டாட்டி நல்லவதானுங்க" என்றார் அவர். "ஆனா அங்க நான் விருந்தாளிங்க. எத்தனை நாளைக்கு ஒருத்தி விருந்தாளியா இருக்கறதுங்க?"

அந்தப் படம் வாசல் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டு. ஒரு தடவை வெளியே போய்த் திரும்பியது போதும் என்பார்களாம். ஆகவே டேனியல் அறைக்குள்ளேயே பிளாஷ் பல்ப் வெடித்து இரண்டு படம் எடுத்தார். அப்போது மணி நாலரை. மறுநாள் அவருக்கு ஒரு கல்யாணத்தில் வேலை இருந்ததால் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டார். நான் தங்கினேன். மேஸ்திரி வண்டி கட்டிக்கொண்டு போவதையும் பார்த்தால்தான் என் செய்திக்கு ஒரு முடிவு கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்து. பல் துலக்கிவிட்டு, படத்தில் மலை உச்சிகள் எத்தனை என்று எண்ணி எழுத உள்ளே போனேன். எழுத முடியவில்லை. இரட்டைப் பனையின் நிழல்கள் எனக்கு எதிர்ப்பக்கமாக, மலையை நோக்கி விழுந்து கிடந்தன.

நோட்டைப் பிரித்தேன். "நிழல்கள் பார்ப்பவரை நோக்கி." படத்தைப் பார்த்தேன். மலையை நோக்கி. நோட்டை மறுபடி பார்த்தேன், படத்தை மறுபடி பார்த்தேன், இப்படி ஐந்தாறு தடவை செய்திருப்பேன், நம்பினால் நம்புங்கள், யாரோ இரவோடு இரவாகப் படத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சட்டத்தின் வலது மூலையில் நேற்று நான் பார்த்த அதே கரையான் தடம் இருந்தது.

"அம்மா, கொஞ்சம் வாங்க!" என்று கத்தியேவிட்டேன். ரங்கநாயகி கையில் தவிட்டுச் சட்டியோடு வந்தார்.

"இந்த நிழல்... நேற்று இந்தப் பக்கம் விழுந்தது, இப்போது அந்தப் பக்கம் விழுகிறது!"

"ஆமாங்க. காலையிலே அக்கட்டாலதானுங்களே விழும்?"

"அம்மா, இது படம்!"

"படந்தானுங்க. பொளுது மாறுனா நெழலு மாறாதுங்களா?" அவருக்கு என் அவசரம் புரியவே இல்லை. "நெழலு குட்டைக்கரையைத் தொட்டுதுன்னா எருமைக்குத் தவிடு வெக்கோணும். மரத்தடிக்குள்ள ஒடுங்கிப் போச்சுன்னா சோறு வடிக்கோணும். நான் இந்தூட்டுக்கு வந்தப்ப எங்க மாமியாரு மொதல்ல சொல்லிக் குடுத்தது இதுதானுங்க."

"யாரிடமும் நீங்கள் சொன்னதே இல்லையா?"

"இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்குது? ஏனுங்க தம்பி, உங்கூட்டுப் படத்துல நெழலு நவுராதுங்களா?"

ஊரில் வேறு யார் வீட்டிலும் படம் கிடையாது. அவர் பிறந்த வீட்டிலும் கிடையாது. அவர் பார்த்த ஒரே நிலக்காட்சி இதுதான்.

அப்போதுதான் படத்தின் அடியோரத்தைக் கவனித்தேன். நேற்று அங்கே வெறும் வயல் இருந்தது. இப்போது அங்கே ஒரு மனிதனின் நிழல். தலைப்பாகை கட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆள். வலது கை சற்று முன்னால் நீண்டிருந்தது. ஆள் இல்லை. நிழல் மட்டும்தான்.

"இது யார்?"

"அவுருதானுங்க, வரைஞ்சவரு. வெடிஞ்சா வருவாரு, பொளுது ஏறுனா போயிருவாரு."

இந்த இடத்தில் என் மயிர்க்கால்கள் எல்லாம் நின்றன என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்கு ஏற்பட்டது பயம் அல்ல. முதல் பக்கச் செய்தி ஒன்று கையில் விழும்போது நிருபனுக்கு வருகிற பரபரப்பு அது. படத்தில் இருப்பது மேற்கு மலை. வரைந்தவர் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார், முதுகில் காலை வெயில். அவருடைய நிழல் படத்துக்குள்ளேயே விழுகிறது என்றால் அவர் உட்கார்ந்த இடம் படத்தின் அடியோரத்துக்குச் சற்று வெளியே, வயலின் கிழக்கு ஓரத்திலேயே இருக்க வேண்டும்.

"எங்கே உட்கார்ந்து வரைந்தார் என்று சொல்வார்கள்?"

"கோட்டை மேல இருந்துன்னுதானுங்க சொல்லுவாங்க."

பழைய கோட்டை மேடு அங்கிருந்து ஒரு மைல். அங்கே உட்கார்ந்தால் நிழல் இந்த வயலில் எப்படி விழும்? படத்தில் மலைத்தொடரில் ஒரு பிளவு இருந்தது. அதற்கு நேர் கீழே குட்டையின் மதகுக் கல். இரண்டும் ஒரே கோட்டில் தெரிகிற இடம் எதுவோ அதுதான் அவர் உட்கார்ந்த இடம். அவர் வரையாமல் விட்ட கிணறும் அதற்கு எதிரே இந்த வயலில்தான் இருக்க வேண்டும். குடையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெளியே ஓடினேன். ரங்கநாயகி தவிட்டுச் சட்டியை வைத்துவிட்டு என் பின்னால் வந்தார்.

பாகத்தில் மிஞ்சிய அந்த ஒடுங்கிய வயலின் கிழக்கு ஓரத்தில் தெற்கே நடந்துகொண்டே மலைப் பிளவையும் மதகுக் கல்லையும் பார்த்தேன். இரண்டும் விலகின, நெருங்கின, ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. நான் நின்றது ஒரு மேட்டுப் பாறைக்கு முன்னால். கோவிந்தசாமி அதன் மேல் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேஸ்திரி பழனியும் ஆட்களும் கடப்பாரைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அதும் மேல உக்காரப் போறீங்களா?" என்றார் கோவிந்தசாமி. "பாத்துங்க, மொளகா. உக்காந்துபோட்டு எந்திரிச்சு ஓடுனீங்கன்னா, பேயப் பாத்து ஓடுனதா உங்க பேப்பருலயே வந்துரும்."

ஆட்கள் சிரித்தார்கள். நான் மிளகாயை ஒதுக்கிவிட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். கடிகாரம் பார்த்தேன். ஆறு ஐம்பத்திரண்டு. முதுகில் வெயில் சுட்டது. எனக்கு முன்னால் பாறையிலிருந்து இறங்கி வயலுக்குள் வெகுதூரம் என் நிழல் நீண்டு கிடந்தது. அதற்கு இடது பக்கத்தில் இன்னொரு நிழல் இருந்தது.

தலைப்பாகை. சம்மணம். நீண்ட வலது கை. திரும்பி என் இடது பக்கத்தைப் பார்த்தேன். பாறையில் மிளகாய் மட்டும்தான் காய்ந்தது. அத்தனை தூரத்தில் விழுகிற நிழலின் ஓரம் கலங்கித்தான் இருக்க வேண்டும், என்னுடையது கலங்கித்தான் இருந்தது. அதனுடையது கத்திரியால் வெட்டியதுபோல் இருந்தது. அதைவிட, அது அசைந்தது. கை பக்கவாட்டில் போய் எதையோ தொட்டது, மை தொட்டிருக்க வேண்டும், திரும்ப முன்னால் வந்தது, சிறு சிறு இழுப்பாக நகர்ந்தது. மறுபடியும் மை. மறுபடியும் இழுப்பு. ஒருவர் அவசரமாக, ஆனால் கை நடுங்காமல், வேலை செய்துகொண்டிருந்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஒருவன் மட்டும் பார்த்ததாக இருந்தால் இதை எழுதமாட்டேன். கோவிந்தசாமி பார்த்தார். பழனி பார்த்தார். வண்டியில் கடப்பாரையை வைக்கப் போன ஆள் அதைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"அம்மா, அந்தக் கை நுனிக்குப் போங்கள்! படத்தில் வரையாததை மண்ணில் காட்டுகிறார்!"

ரங்கநாயகி அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். நிழலை மிதிக்காமல் அதன் ஓரமாகவே போனார். விரல்களின் நிழல் முடிந்து தூரிகையின் நிழல் ஊசிபோல் நீண்டது. அதன் நுனியோடு கூடவே அவரும் அங்குமிங்கும் நடந்தார். கோழிக்குஞ்சின் பின்னால் போகிறவர் மாதிரி இருந்தது. ஏழு நாலுக்கு அந்தக் கை நின்றது. நுனி ஒரே இடத்தில் ஊன்றி நின்றது. ரங்கநாயகி அந்த இடத்தில் காலை வைத்தார். வைத்த கணத்தில் வயலில் என் நிழல் மட்டும்தான் இருந்தது.

முதலில் பேசியவர் பழனி.

"அம்மணி, அது கன்னி மூலைங்க."

கன்னி மூலை என்றால் தென்மேற்கு. அங்கே பள்ளம் தோண்டினால் வீட்டுக்காரர் குடும்பமே அழிந்துபோகும் என்பார்கள். அந்தப் பக்கத்தில் யாரும் அங்கே ஒரு வாழைக்குழிகூட எடுக்கமாட்டார்கள்.

"தெரியுமுங்க" என்றார் ரங்கநாயகி.

"வேற எங்க வேணாலும் சொல்லுங்க, வெட்டறோம். அங்க எங்க ஆளுக கடப்பாரை போட மாட்டாங்க. பாவம் எங்களுக்கும் வந்து சேருமுங்க."

"அண்ணி, விட்டுப்போட்டு வாங்க" என்றார் கோவிந்தசாமி. அவர் குரலில் கேலி இல்லை. "அது நல்லதா கெட்டதான்னே நமக்குத் தெரியாது. எனக்கும் கொழந்தைக இருக்குது."

ரங்கநாயகி காலை எடுக்கவில்லை. எடுத்தால் இடம் தவறிவிடும் என்று பயந்தார் போலும். நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

"கொழந்தைககிட்ட ஊட்டுக்குப் போங்க கோவிந்து. மொத வெட்டு நான் போடறேன். பாவமெல்லாம் மொதல் வெட்டுக்குத்தானே? எனக்கே வந்து சேரட்டும். மேஸ்திரி, அந்தக் கடப்பாரையை இக்கட்டால குடுங்க."

பழனி கொடுக்கவில்லை. பிறகு வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனது கோவிந்தசாமிதான். அண்ணி கையில் கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அவர் போட்ட முதல் வெட்டு மண்ணில் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. ஏழாவதோ எட்டாவதோ, சரியாக எண்ணவில்லை, அதற்கு மன்னிக்க வேண்டும், "டங்" என்றது. பாறையில் பட்ட சத்தம் அப்படி இருக்காது. கீழே வெற்றிடம் இருக்கிற சத்தம் அது. முப்பது வருஷம் கடப்பாரை பிடித்த பழனிக்கு அது தெரியாமல் போகுமா? பாவம், புண்ணியம் எல்லாவற்றையும் மறந்து ஓடி வந்தார். ஆட்கள் ஓடி வந்தார்கள். நானும் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கையால் மண்ணை அள்ளினேன். முழங்கால் ஆழத்தில் பலகைக் கல், பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நெம்பினார்கள். ஒரு கல் நகர்ந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று என் முகத்தில் அடித்தது. அந்தச் சித்திரை வெயிலில் அது எப்படி இருந்தது என்பதை இன்றுவரை என்னால் சரியாக எழுத முடிந்ததில்லை.

கோவிந்தசாமி ஒரு மண்ணாங்கட்டியை உள்ளே போட்டார். எல்லோரும் குழிப் பக்கம் காதைக் கொடுத்தோம்.

"தொளுக்."

"அண்ணி!" என்று அவர் போட்ட கூச்சலில் வண்டி மாடு மிரண்டது. "அண்ணி, தண்ணி! தண்ணிங்க!" ரங்கநாயகி குழியோரத்தில் உட்கார்ந்து, கடப்பாரையை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதார். பழனியின் ஆட்கள் அன்றைக்குச் சத்தியமங்கலம் போகவில்லை.

கன்னி மூலையில் எப்படிக் கிணறு வந்தது என்பதைக் கோவிந்தசாமியே பிறகு பழைய பத்திரங்களைப் புரட்டிக் கண்டுபிடித்தார். மானியம் கொடுத்த நாளில் நிலம் தெற்கிலும் மேற்கிலும் வெகுதூரம் இருந்திருக்கிறது. அந்தப் பெரிய நிலத்துக்கு அந்த இடம் வடகிழக்கு. பாகம் பிரித்துப் பிரித்து வேலி நகர்ந்ததில் ஈசானியம் கன்னி மூலையாகிவிட்டது. மூலையை நம்பியவர்கள் வேலியை மறந்துவிட்டார்கள். இது எனக்கு நன்றாகப் புரிகிறது. மற்றது புரியவில்லை.

மதியம் வீடு திரும்பியபோது அறை முழுக்க ஊர் ஜனம். தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உச்சி வேளை, ஆனால் படத்தில் பனை நிழல்கள் மலையை நோக்கியே நீண்டு கிடந்தன. அதற்கு மேல் பார்க்க நேரமில்லை, பஸ் பிடித்து ஓடினேன். கிணறு கிடைத்த கதையை ஆசிரியர் போட்டார். நிழல் விஷயத்தை நீலப் பென்சிலால் அடித்துவிட்டு, "தூங்கி எழுந்து வாரும்" என்றார். டேனியல் எடுத்த போட்டோ செய்தியோடு வந்தது. அதில் பனை நிழல்கள் பார்ப்பவரை நோக்கி இருக்கின்றன. அடியோரத்தில் வெறும் வயல். அந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வேறு ஒரு வேலையாகப் பொள்ளாச்சி போகும்போது வழியில் இறங்கினேன். தென்னையெல்லாம் குலை தள்ளி நின்றது. கன்னி மூலையில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. ரங்கநாயகிக்கு முடி நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது.

"அன்னையோட நின்னு போச்சுங்க தம்பி. நெழலு நவுர்றதே இல்லை. சோத்துக்குக் கடியாரம் பாக்க வேண்டியதாப் போச்சு" என்று சுவரில் புதிதாக மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினார். ஏதோ நஷ்டம் வந்துவிட்டதுபோலத்தான் சொன்னார். "ஆனா அவுரு இப்ப போறதே இல்லீங்க. நாள் பூராவும் இங்கயேதான் இருக்கறாரு. தொணைக்கு ஆளும் வந்துருச்சுங்களே."

"துணைக்கா?"

"ஏனுங்க, அன்னைக்கு நீங்க பாக்கலீங்களா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். அதே கரி மை, அதே கை. படத்தின் அடியோரத்தில் தலைப்பாகை கட்டியவரின் நிழல். அதற்கு வலது பக்கத்தில் தலையில் ஒன்றும் இல்லாத இன்னொரு மனிதனின் நிழல், அதுவும் சம்மணம் போட்டு.

அதன் இடது கக்கத்தில் மடக்கிய குடை ஒன்று இருக்கிறது.